பின்வீட்டு அடுப்புச் சுவர்

பள்ளிக்கூடம் விட்டு வந்து, நனைந்த சேலையைக்கூட மாற்றாமல், கட்டிலுக்கடியில் கிடந்த உரச்சாக்கைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. எரிச்சலில் இன்னும் பலமாக இழுத்தேன். அடிப்பாகம் பாரத்தில் அசையாமல் நிற்க, மேல்பாகம் மட்டும் கிழிந்து கையோடு வந்தது. உள்ளே இருந்த புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், ஊறவைத்த அவலைப் போல நசநசவென்று கிடந்தன. ஒரு பக்கத்தைப் புரட்டப் பார்த்தேன். விரலில் கூழ்தான் வந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். அவருக்குத் தேயிலை ஃபெக்டரியில் ராத்திரி வேலை.

“என்னா இது, எழவு வீடு மாதிரி ஒக்காந்திருக்க?”

“எழவுதான். பாருங்க.”

அவர் குனிந்து பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் இருப்பது தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயா போகிற பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். வெளியே ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டுவோம், கட்டுவோம் என்றே கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். இன்னமும் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில்தான் இருக்கிறோம். காம்பரா என்று ஒரே அறை, முன்னால் திண்ணை போல ஒரு இஸ்தோப்பு, இஸ்தோப்பின் பாதியை அடைத்துச் சமைக்க ஒரு குசினி, அவ்வளவுதான். மகள் கொழும்பில் வேலைக்குப் போன பிறகு கொஞ்சம் இடம் கிடைத்தது. அந்த இடத்தையும் புத்தகம் பிடித்துக்கொண்டது.

புத்தகம் என்றால் பெரிய நூலகம் ஒன்றும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து ஹட்டனுக்குப் போகும்போதும் கண்டிக்குப் போகும்போதும் ஒன்றிரண்டாக வாங்கியவை. புதுச் சேலை வேண்டாம் என்று சொல்லி வாங்கியவையும் உண்டு. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் நூலகம் என்று தனியாக ஒன்று கிடையாது. வாசிக்கிற ஆசையுள்ள பிள்ளைகள் என்னிடம்தான் வருவார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மேல் லயத்திலிருந்து வாரத்துக்கொரு தடவை வருவாள். எடுத்த புத்தகத்தை ஷொப்பிங் பையில் சுற்றி, அதை இன்னொரு ஷொப்பிங் பையில் போட்டுக் கொண்டுவந்து தருவாள். அவள் கையில் ஒரு புத்தகமும் நனைந்ததில்லை. என் கட்டிலுக்கடியில்தான் நனைந்து செத்தன.

இங்கே மழை தொடங்கினால் நிற்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. மழை இல்லாத நாளில் மூடுபனி. சுவரில் பூஞ்சணம், செருப்பில் பூஞ்சணம், கருவாட்டில் பூஞ்சணம். நானும் வெயில் அடிக்கிற நாளில் புத்தகங்களை இஸ்தோப்பில் பரப்பிக் காயவைத்துப் பார்த்தேன், வேப்பிலை போட்டுப் பார்த்தேன், பாச்சை உருண்டை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு மழைக்கும் ஒரு பங்கு போய்க்கொண்டே இருந்தது. அன்றைக்கு அந்தக் கூழைக் கூட்டி அள்ளிக்கொண்டே எனக்குள் ஒரு கணக்குப் போட்டேன். மிச்சம் இருப்பதையாவது அடுத்த மழையில் காப்பாற்றவேண்டும். அதுவும் போனால் இனி ஒரு புத்தகமும் இந்த வீட்டுக்குள் வராது. பிள்ளைகள் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவேன். களைத்துப் போயிருந்தேன், அதனால் அப்படி முடிவெடுக்கச் சுலபமாக இருந்தது.

கொழும்பிலிருந்து மகள் தொலைபேசியில் ஒரு வீடியோ அனுப்பினாள். யாரோ ஒரு மனிதர் வீட்டிலேயே மரத்தில் புத்தக ராக்கை செய்கிறார். இரண்டு பக்கமும் நிமிர்ந்த பலகை, நடுவில் நாலைந்து தட்டு, பின்பக்கம் ஒட்டுப்பலகை. தேநீர் குடிக்கிற நேரத்தில் செய்து முடித்துவிட்டார். வியர்வைகூட இல்லை.

“அவுக வீட்ல கரண்டு வாளு இருக்கு. நம்மகிட்ட என்னா இருக்கு?” என்றார் என் வீட்டுக்காரர்.

“நீங்க இருக்கீங்க” என்றேன்.

“அடி ஆத்தி. நா ஃபெக்டரிலயே செத்து சுண்ணாம்பாகித்தான் வர்றேன்” என்றார். ஆனாலும் அடுத்த நாள் யாரிடமோ கேட்டு ஒரு வாளும் சுத்தியலும் கொண்டுவந்தார்.

தலவாக்கலை மரக்காலையில் சவுக்குப் பலகை வாங்கினேன். தேயிலைக்கு நிழலுக்காக நிற்கிற அதே சவுக்குத்தான். அறுத்துக் கொடுத்த தச்சர், பாஸ் என்பார்கள், பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது இன்னும் பச்சை, ஒரு மாதமாவது நல்ல வெயிலில் காயவிடுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெயில் இருந்தால் நான் எதற்கு ஐயா ராக்கை செய்யப்போகிறேன்! பஸ்ஸில் ஏற்றப் பார்த்தேன். கண்டக்டர் பலகையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “டீச்சர், இது பஸ்ஸா லொறியா?” என்றார். கடைசியில் ஒரு ஆட்டோவின் கூரையில் கட்டிக் கொண்டுவந்தோம். வளைவுக்கு வளைவு நான் வெளியே கைநீட்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து சேரும்போது தோள்பட்டை கழன்றுவிட்டது.

அடுத்த பௌர்ணமிக்கு வந்த போயா லீவில் இஸ்தோப்பில் வைத்து வேலையைத் தொடங்கினோம். தைக்கிற டேப்பால் நான் அளந்தேன், பென்சிலால் கோடு போட்டேன், அவர் அறுத்தார். இரண்டு நிமிர்ந்த பலகையில் ஒன்று மற்றதைவிட ஒரு விரல் குட்டையாகிவிட்டது.

“அளந்தது யாரு?” என்றார்.

“அறுத்தது யாரு?” என்றேன்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. குட்டையான பக்கத்துக்கு அடியில் ஒரு பழைய பரீட்சைப் பேப்பர் அட்டையை மடித்து வைத்தோம். ஆணி அடித்த இடமெல்லாம் பலகை லேசாகக் கீறல் விட்டது. பின்பக்க ஒட்டுப்பலகைக்கு எங்களுக்கு வழியும் இல்லை, தெம்பும் இல்லை. வெறும் முதுகோடு ராக்கை நின்றது. கோணல்தான். ஆனாலும் நின்றது. ஜன்னலுக்குப் பக்கத்தில், முன்சுவர் ஓரமாக வைத்தேன். வீடியோவில் அப்படித்தான் வைத்திருந்தார்கள், வெளிச்சத்தில். புத்தகங்களை அடுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்பாடா என்று இருந்தது.

அந்த அப்பாடா அதிக நாள் நிலைக்கவில்லை. முன்சுவர் மழைச்சுவர். சாரல் அடித்து அடித்து உள்ளே கசியும் சுவர். அது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் வீடியோவைப் பார்த்து வைத்தேன். மழை பிடித்ததும் புத்தகங்களின் பின்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு பூத்தது. பச்சைப் பலகை வேறு நெளிந்து, நடுத்தட்டு தொங்கிப்போனது. ஒரு நாள் வந்து பார்த்ததும் ஆத்திரம் பொறுக்காமல் ராக்கையை ஒரு உதை விட்டேன். கால் பெருவிரல் வீங்கிக்கொண்டதுதான் மிச்சம்.

“ஒதைச்சா காஞ்சிருமா?” என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் வேலைக்கு மாற்றச் சட்டை எடுக்கப் போனார். எங்கள் காம்பராவின் பின்சுவரில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. மழைக்காலத்தில் துணியெல்லாம் அதில்தான் காயப்போடுவோம். மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். முந்தின நாள் சாயங்காலம் பிழிந்து போட்ட சட்டை. அதை உருவி எடுத்துப் போட்டுக்கொண்டார். உடம்பில் படும்போது “ஆ…” என்று சுகமாக ஒரு சத்தம் போட்டார்.

“காஞ்சிருச்சா?” என்றேன்.

“காயாம? வெதுவெதுன்னு இருக்கு.”

நான் எழுந்து போய் அந்தச் சுவரில் கை வைத்தேன். சூடு. ஈரமே இல்லை. இத்தனை வருஷமாக என் சேலையும் அவர் சட்டையும் மகளின் சீருடையும் காய்ந்த சுவர். புத்தகத்துக்கு எங்கே காய்ந்த இடம் என்று நான் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

“ராக்கைய இங்க மாத்தணும்” என்றேன்.

“அப்ப எஞ் சட்டை?”

“சட்டையில பூஞ்சணம் புடிச்சா தொவைக்கலாம். புத்தகத்த தொவைக்க முடியுமா?”

அவர் பெருமூச்சு விட்டார். பெருமூச்சு விட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

அந்தச் சுவர் ஏன் சூடாக இருக்கிறது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். எங்களுடையது இரட்டை லயம். முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசைக் காம்பரா. எங்கள் வாசல் ஒரு பக்கம், பின் வரிசைக்காரர்களின் வாசல் மறுபக்கம். இடையில் ஒரே சுவர். கூரைத் தகரத்துக்குக் கீழே அந்தச் சுவர் முழுக்க முட்டாமல் ஒரு இடைவெளி இருக்கும். அந்த வீட்டு இருமல் இந்த வீட்டில் கேட்கும். இந்த வீட்டுச் சண்டை அந்த வீட்டில் கேட்கும். ஆனால் ஆளை முகத்துக்கு முகம் பார்க்கவேண்டுமென்றால் லயத்தின் கோடி வரை போய், தண்ணீர் பிடிக்கிற பீலியைத் தாண்டி, சுற்றிக்கொண்டு வரவேண்டும். அதனால் பின்வீட்டு அக்காவின் குரல்தான் எனக்குப் பழக்கம். முகம் அவ்வளவு பழக்கமில்லை.

அக்கா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். புருஷன் இறந்து கனகாலம். மகன் கட்டாரில். தனியாக இருக்கிறார். அவருடைய விறகடுப்பு எங்கள் பின்சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. விடியக் கருக்கலில் ஒரு தடவை, சாயங்காலம் தேயிலை மலையிலிருந்து வந்து ஒரு தடவை, நாள் தவறாமல் எரியும்.

இதெல்லாம் எனக்கு அப்போது நினைவில் இல்லை. ராக்கை சாயாமல் இருக்கச் சுவரில் ஒரு சட்டம் அடிக்கவேண்டும் என்பது மட்டும்தான் நினைவிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரிய ஆணியை வைத்து ஓங்கி அடித்தேன். இரண்டாவது அடியில் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பொலபொலவென்று உதிர்ந்த சத்தம். அடுத்த நொடி தகரத்தடி இடைவெளி வழியாகக் குரல் வந்தது.

“யார்றா அது! எங் கொழம்புல மண்ணப் போட்டது யார்றா!”

நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் இஸ்தோப்புக்கு நழுவிவிட்டார்.

“அக்கா… நாந்தான்க்கா. டீச்சர்” என்றேன்.

“டீச்சரா? ஐயையோ, நா வேற யாரோன்னு நெனச்சு…” குரல் கொஞ்சம் இறங்கியது, பிறகு மறுபடியும் ஏறியது. “அதுக்குன்னு? கருவாட்டுக் கொழம்பு டீச்சர்! கரியும் மண்ணுமா கெடக்கு! என்னா செய்றீங்க அங்க, செவத்த ஒடைச்சுக்கிட்டு வரப்போறீங்களா?”

லயத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். எங்கள் வீட்டில் இருந்த பருப்புக்கறியை ஒரு பாத்திரத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு குழம்புச் சட்டியைப் பார்த்தபடி நின்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். புத்தகம், பூஞ்சணம், ராக்கை, சுவர். அவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப எங்க அடுப்புச் சூட்டுலதான் ஒங்க புத்தகமெல்லாம் காயப்போகுதாக்கும்?”

“ஆமாக்கா.”

“அப்ப பாதி வெறகு நீங்கதான் தரணும்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்க நேரமாயிற்று. அடுப்புப் புகை அந்தச் சின்ன இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கும் கண் எரிந்தது.

அப்புறம் வந்த மாதங்கள் நல்ல மாதங்கள். நடுத்தட்டைத் திருப்பிப் போட்டு ஆணியடித்தோம், தொங்கல் நேராகிவிட்டது. பச்சைப் பலகையும் அந்தச் சூட்டில் மெதுவாகக் காய்ந்தது. முதுகில் ஒட்டுப்பலகை இல்லாதது நல்லதாகப் போயிற்று, சூடு நேரே புத்தகத்தில் பட்டது. தாளைப் புரட்டினால் சரசரவென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலம்! எட்டாம் வகுப்புப் பிள்ளை வந்து, “டீச்சர், புத்தகத்துல பொக வாசம் அடிக்குது” என்றாள். “அடிக்கட்டும்” என்றேன். புகை வாசம் என்றாலும் அது காய்ந்த வாசம்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அக்காவைச் சில நாள் காண்பேன். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்போது தலையில் ஒரு கட்டு மிலாறு இருக்கும். கவ்வாத்து வெட்டின தேயிலைச் செடியின் கிளைகள்தான் மிலாறு, எங்கள் பக்கத்தில் பாதி அடுப்பு அதில்தான் எரிகிறது. அக்கா ஏற்றத்தில் நின்று நின்று வருவார். முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கும். எனக்கு என் அம்மா ஞாபகம் வரும்.

அம்மாவும் கொழுந்து எடுத்தவள்தான். அம்மா தலையிலும் இதே கட்டுத்தான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வாசலில் அம்மாவைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டைப் பிடித்து இறக்கப் பார்ப்பேன். அம்மா எரிந்து விழுவாள். “தொடாத! போயி புத்தகத்தப் புடி!” என்பாள். அன்பாகச் சொன்னதே இல்லை. அடிக்கிற மாதிரிதான் சொல்வாள். ஒரு தடவையும் என் தலையில் விறகு ஏறவிடவில்லை. நான் டீச்சரானதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஒரு நாள் சாயங்காலம் தகரத்தடி இடைவெளி வழியாகச் சத்தம் வந்தது.

“டீச்சர்! டீச்சர்! ஓடியாங்க!”

என்னவோ ஏதோ என்று லயத்தைச் சுற்றி ஓடினேன். அக்கா முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். ஒரு மேசையின் மேல் பளபளவென்று இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு. பக்கத்தில் சிலிண்டர். மகன் கட்டாரிலிருந்து பணம் அனுப்பி, நுவரெலியாவில் ஒரு கடையில் சொல்லி, ஆள் வைத்துக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான்.

“பாருங்க, ஒரு திருகு. ஊதவும் வேணாம், கண்ணு கசக்கவும் வேணாம். டாக்டரு சொல்லிக்கிட்டே இருந்தாரு, பொகைய வுடு, பொகைய வுடுன்னு. நெஞ்செல்லாம் கரியாம். இனி வெறகும் தூக்க வேணாம். முட்டி தப்பிச்சிருச்சு டீச்சர்!”

கண் மூடித் திறக்கும் முன்னே ஒரு பிளேன்டீ ஊற்றித் தந்தார். “நல்லதுக்கா, ரொம்ப நல்லது” என்று சொல்லிக்கொண்டே குடித்தேன். பழைய அடுப்பில் சாம்பல் ஆறிக்கிடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அக்காவின் சந்தோஷம் எனக்குச் சந்தோஷமாக இல்லை. என் புத்தகம், என் புத்தகம் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. சீச்சீ, என்ன பிறவி நான் என்றும் இருந்தது. தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தேன்.

சுவர் உடனே ஆறிவிடவில்லை. ஒவ்வொரு நாளும் வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் போய்க் கைவைத்துப் பார்ப்பேன். முதலில் வெதுவெதுப்பு, பிறகு ஒன்றும் இல்லை, பிறகு ஜில்லென்று. அந்த ஜில்லிப்பு வந்த வாரம் மழையும் பலமாகப் பிடித்துக்கொண்டது. கீழ்த்தட்டில் முதல் வெள்ளைப் புள்ளியைப் பார்த்தேன். துணியால் துடைத்தேன். அடுத்த நாள் மறுபடியும் இருந்தது.

“போயி கேளு” என்றார் என் வீட்டுக்காரர். “தெனம் ஒருக்கா மட்டும் அந்த அடுப்ப பத்தவைக்கச் சொல்லு.”

“எப்புடிங்க கேக்குறது? ஏக்கா, எம் புத்தகம் காயணும், நீங்க வெறகு தூக்கி, பொக குடிச்சு, இருமுங்கன்னா?”

“கேக்காட்டி புத்தகம் போயிரும்.”

“போவட்டும்!” என்று கத்தினேன். “எனக்கும் அலுத்துப் போச்சு. எத்தன தடவதான் ராக்கைய தூக்கிக்கிட்டு அங்கயும் இங்கயும் அலையிறது? போவட்டும். எல்லாம் மண்ணாப் போவட்டும்.”

தகரத்தடியில் இடைவெளி இருப்பதைக் கத்திய பிறகுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் அக்கா பேசவில்லை, நானும் பேசவில்லை. அதற்கடுத்த நாள் மழையில் நனைந்து அவர் வேலையிலிருந்து வந்த சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் ஊற்றுகிற சத்தம். கூடவே “ஸ்ஸ்… ஐயோ… ஸ்ஸ்…” என்று பல்லைக் கடித்துக்கொண்டு முனகல். நான் பொறுக்கமாட்டாமல் குடையை எடுத்துக்கொண்டு சுற்றிப் போனேன்.

அக்கா பக்கெட்டில் இருந்த பச்சைத் தண்ணீரை முழங்காலில் ஊற்றிச் சேறு கழுவிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்து நடுங்கியது.

“ஏன்க்கா பச்சத் தண்ணி? சுடவைக்கக் கூடாதா?”

“எதுல சுடவைக்கிறது? இம்மாந்தண்ணிய கேஸ்ல வச்சா சிலிண்டரு சீக்கிரமா தீந்துரும். புள்ள கஷ்டப்பட்டு அனுப்புறான்.” துண்டால் காலைத் துடைத்தார். “மொதல்லாம் சோறு வெந்த பெறகு அடுப்புல தண்ணிப் பானைய ஏத்திருவேன். காலு ரெண்டையும் சுடுதண்ணில வச்சாதான் எனக்கு மறுநாளு மலைக்கு ஏறவே முடியும். இப்ப அது இல்ல. வெறகு தூக்கணும்னா ஒடம்பு வரமாட்டேங்குது.” பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க முந்தாநாளு போட்ட சத்தம் கேட்டுச்சு டீச்சர்.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

“மன்னிச்சிருங்கக்கா. வாய்க்கு வந்தத…”

“எதுக்கு மன்னிப்பு? புத்தகம் எனக்குந்தான் ஞாபகத்துல இல்லாம போச்சு. ஆனா என்னால அந்தப் பொகைக்குள்ள இனி ஒக்கார முடியாது. உண்மையச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.”

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் பழைய அடுப்பைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த கரிபிடித்த பெரிய பானையைப் பார்த்தேன். களைப்பாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

“நீங்க ஒக்கார வேணாம்க்கா. வெறகு நா கொண்டாறேன். நானே பத்தவைக்கிறேன். தண்ணி சுட்டதும் ஒங்களுக்கு இஸ்தோப்புல கொண்டாந்து தர்றேன். பொகையில நா இருந்துக்கிறேன்.”

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “டீச்சர் வெறகு தூக்குறதா? ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்க்கா. நாந்தான் மொதல்ல சிரிக்கப்போறேன்.”

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர், ஒத்துவராத வேலை, நான் ஃபெக்டரி விட்டு வரும்போது கொண்டுவருகிறேன் என்றார். அவர் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

சனிக்கிழமை மழை கொஞ்சம் விட்டிருந்தது. மேல் மலையில் கவ்வாத்து நடந்து முடிந்திருந்தது. வெட்டுப்பட்ட செடிகள் குட்டை குட்டையாக நிற்க, இடையிலெல்லாம் மிலாறு சிதறிக்கிடந்தது. அக்கா கூட வந்தார். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு கையால் காட்டினார். இது ஈரம், வேணாம். அது காஞ்சது, எடுங்க. நான் பொறுக்கினேன். கையெல்லாம் கீறிவிட்டது. கட்டுக் கட்டியாயிற்று. தலையில் துண்டைச் சுற்றிச் சும்மாடு வைத்துக்கொண்டு கட்டைத் தூக்கினேன், சும்மாடு அவிழ்ந்து மூக்கில் விழுந்தது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“எங்க ஆத்தா! இம்புட்டு வயசுல சும்மாடு கட்டத் தெரியலையா! ஒங்கம்மா ஒண்ணுமே சொல்லித் தரலையா?”

“தரல” என்றேன்.

அவர் எழுந்து வந்து துண்டைப் பிரித்து, முறுக்கி, வளையமாகச் சுற்றித் தலையில் வைத்து அழுத்தினார். அதன்மேல் இரண்டு பேருமாகக் கட்டை ஏற்றினோம். கழுத்து உள்ளே இறங்கியது. இவ்வளவு பாரமா? அம்மா கொழுந்துக்கூடையையும் சுமந்து முடித்து, அதற்குப் பிறகு இதையும் ஏற்றிக்கொண்டு வருவாளே! கீழே பார்க்க முடியாது, தலையைத் திருப்ப முடியாது. ஒவ்வொரு அடிக்கும் அக்கா பின்னாலிருந்து, “காலப் பாத்து… இந்தக் கல்லு வழுக்கும்…” என்று சொல்லிக்கொண்டே வந்தார். வழியில் இரண்டு பையன்கள், “குட் மோர்னிங் டீச்சர்” என்றார்கள், சாயங்காலமாக இருந்தும். பதில் சொல்ல மூச்சு மிச்சமில்லை.

லயத்துக்கோடிப் பீலியைத் தாண்டி அக்கா வீட்டு வாசலுக்கு வந்தபோது அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரர் சொல்லி இங்கே வந்திருக்கிறாள். கையில் இரட்டை ஷொப்பிங் பையில் சுற்றின புத்தகம். தலையில் விறகோடு என்னைக் கண்டதும் திகைத்துப் போனாள். பிறகு சட்டென்று புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டி ஓடிவந்தாள்.

“குடுங்க டீச்சர், நா எறக்குறேன்!”

“தொடாத!” என்று கத்தினேன். “புத்தகத்தப் புடி!”

பிள்ளை பயந்துபோய் இரண்டடி பின்னால் போய், புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அக்கா, “ஏன் டீச்சர் புள்ளையப் போட்டு வெரட்டுறீங்க” என்றார். கட்டை இஸ்தோப்பில் சாய்த்து இறக்கிவிட்டு, கழுத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றேன். பிறகு அடுப்பு மூட்டக் குனிந்தேன்.